சியாமாவின் உடல்: மைசூர் வெங்கடலட்சம்மாவும் பாலேயின் நிறக்கோடும்

1838ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரின் வரியெத்தே அரங்கில் தமிழ்நாட்டுத் தேவதாசிகள் சிலர் ஆடினர். கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தைச் சேர்ந்த அவர்களைத் தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் செய்து அழைத்துச் சென்றிருந்தார். பாரிஸைத் தொடர்ந்து லண்டனிலும் அக்குழுவின் ஆட்டம் நிகழ்ந்தது. அக்குழுவில் பார்வையாளர்களை மிகவும் ஈர்த்தவர் பிரெஞ்சு இதழ்கள் 'அமானி' என்று எழுதிய இளம் ஆடல் மகளிரில் ஒருவர். கவிஞரும் நடன விமர்சகருமான தெயோஃபில் கோத்தியே அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அமானியின் மேனி நிறத்தை ஃபிளாரன்ஸ் நகரத்து வெண்கலத்துக்கு ஒப்பிட்டார். சிற்பி ஒகுஸ்த் பார் அதே ஆண்டில் அமானியை உண்மையாகவே வெண்கலச் சிலையாக வார்த்தார்.

அந்த மேனியைப் பார்த்து வியந்த ஐரோப்பா, அதைத் தன் மேடையில் என்ன செய்தது என்பது அடுத்த கேள்வி. மூன்றாண்டுகளுக்குப் பின் அரங்கேறிய 'ஜிசெல்' பாலேயின் கதையாக்கத்தில் பங்கு கொண்டவரும் இதே கோத்தியேதான். வெண்ணிற ஆவிகளின் கூட்டம் நிலவொளியில் ஆடும் அந்தப் படைப்பு, 'வெண் பாலே' எனப்படும் மரபின் உச்சங்களுள் ஒன்று. 1877இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மரியுஸ் பெத்திபா 'லா பயதேர்' என்னும் பாலேயை அமைத்தார். 'பயதேர்' என்றால் தேவதாசி. ஆடுபவளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்ற சொல் அது. கதை இந்தியாவில் நிகழ்கிறது. நாயகி நிக்கியா ஒரு கோயில் நடனப் பெண். ஆயினும் அப்பாத்திரத்தை ஏற்றவரும், அவளது நிழல்களாகச் சாய்தளத்தில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வரும் பெண்களும் வெள்ளையரே. உடையும் வெண்மை. பாலே ஒரு கருநிற ஆடல் மகளைக் கதாபாத்திரமாக ஏற்றுக்கொண்டது, கலைஞராக ஏற்கவில்லை.

இது பழங்கதையன்று. 2019 டிசம்பரில் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கம் நிகழ்த்திய 'லா பயதேர்' தயாரிப்புக்காக முகத்திலும் உடலிலும் கறுப்பு மை பூசிக்கொண்ட சிறுமியரின் படத்தை அமெரிக்க பாலே கலைஞர் மிஸ்டி கோப்லாந்து வெளியிட்டுக் கேள்வி எழுப்பினார். அரங்கத்தின் இயக்குநர் அது மரபு என்று பதில் கூறினார். திருவஹீந்திரபுரத்துப் பெண்கள் பாரிஸில் ஆடி 181 ஆண்டுகள் கடந்த பின்னும், இந்தியாவைக் காட்டும் ஒரு பாலேயில் கறுமை என்பது பூசிக் கழுவத்தக்க ஒப்பனையாகவே இருந்தது.

வெண்மை என்னும் சீருடை

பாலே மேடையில் நிறக்கோடு எவ்வாறு இயங்கியது என்பதை விளங்கிக்கொள்ள அதன் அழகியலைக் காண வேண்டும். குழுநடனத்தில் இருபது, முப்பது பெண்கள் ஓர் உடல்போல அசைய வேண்டும். ஒரே உயரம், ஒரே கோடு, ஒரே நிறம் என்பது அதன் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. இடுப்பிலிருந்து விரல்நுனி வரை கால் ஒரே நீட்சியாகத் தோன்றுவதற்காகக் காலுறையும் காலணியும் 'தோல் நிறத்தில்' தைக்கப்பட்டன. அந்தத் தோல் வெள்ளையரின் தோல். ஆகவே தனியொருவரின் வெறுப்பு ஏதுமின்றியே, 'வரிசையின் ஒழுங்கு குலைந்துவிடும்' என்னும் ஒரு வாக்கியத்தால் கறுப்பினப் பெண்ணை வெளியே நிறுத்த முடிந்தது. விலக்கல் அழகியலின் மொழியில் பேசும்போது அது விலக்கலாகத் தோன்றுவதில்லை.

1930களின் தொடக்கத்தில், பதின்ம வயதினரான ஜேனட் காலின்ஸ் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற பாலே குழுவின் தேர்வுக்குச் சென்றார். திறன் போதும், ஆனால் மேடையேறும்போது முகத்தையும் உடலையும் வெண்மையாகப் பூசிக்கொள்ள வேண்டும் என்று கூறப்பட்டது. அவர் மறுத்துத் திரும்பினார். 1951இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் முதன்மை நடனக் கலைஞராக அவர் இடம்பெற்றபோதும், அக்குழு தென் மாநிலங்களுக்குப் பயணம் செய்கையில் அவரது பாத்திரங்களை மாற்றுக் கலைஞர்களே ஆடினர். இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் அங்கே அவரை வெள்ளையரோடு மேடையேற விடவில்லை.

1955இல் பாலே ரூஸ் த மான்ட்டி கார்லோ குழுவில் சேர்ந்த ரேவன் வில்கின்சன் வெளிர்நிற மேனி கொண்டவர். அதனால் சிலகாலம் அவரது இனம் வெளிப்படாமல் இருந்தது. தென்னகப் பயணங்களில் விடுதியினர் அவரை ஐயுற்றனர். கூ கிளக்ஸ் கிளான் அமைப்பினர் அவரைத் தேடி வந்தனர். இறுதியில் அவர் அக்குழுவிலிருந்து விலகினார்; பின்னர் நெதர்லாந்தின் தேசிய பாலே குழுவே அவருக்கு இடமளித்தது. தன் நாட்டு மேடையில் கிடைக்காத இடம் அவருக்குக் கடல் கடந்து கிடைத்தது.

ஆர்தர் மிட்செல் 1955இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். 1957இல் ஜார்ஜ் பாலன்சின் அமைத்த 'அகான்' படைப்பில் வெள்ளையினப் பெண்ணான டயானா ஆடம்ஸுடன் அவர் ஆடிய இருவர் நடனம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டான 1969இல் மிட்செல் தொடங்கிய 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்', கறுப்பினத்தவருக்கான பாலே பள்ளியாகவும் குழுவாகவும் வளர்ந்தது. அங்கு காலுறையும் காலணியும் ஆடுபவரின் தோலுக்கேற்ற நிறம் பெற்றன. 1984இல் அக்குழு 'ஜிசெல்' கதையை லூயிசியானாவின் கறுப்பினக் கிரியோல் சமூகத்தில் நிகழ்வதாக மாற்றி அமைத்தது. கோத்தியேயின் வெண்ணிற ஆவிகள் முதன்முறையாகக் கறுப்பின மக்களின் வரலாற்றுக்குள் குடியேறின.

2015 ஜூன் 30 அன்று மிஸ்டி கோப்லாந்து அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மைக் கலைஞராக உயர்த்தப்பட்டார். அந்நிறுவனத்தின் 75 ஆண்டு வரலாற்றில் அந்நிலையை அடைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். காலணி இன்னும் பொறுமையாகவே மாறியது. கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் இளஞ்சிவப்புக் காலணிகளின்மீது முகப்பூச்சைத் தடவி நிறம் மாற்றிக்கொள்வது பல தலைமுறைப் பழக்கம். லண்டனின் ஃபிரீட் நிறுவனம், 'பாலே பிளாக்' குழுவுடன் சேர்ந்து, பழுப்பு, வெண்கல நிறங்களில் விரல்நுனிக் காலணிகளை வெளியிட்டது 2018இல்தான்.

மல்லர் மகளும் தாண்டாவின் மகளும்

இந்திய மேடையில் இதற்கு இணையான வரலாறு எங்கே உள்ளது? விடையைத் தேடுவோர் பெரும்பாலும் சென்னைக்கே செல்வர். மைசூருக்கும் செல்ல வேண்டும்.

மைசூரின் ஆடல் மரபு தமிழகத்தோடு பின்னியது. தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையை அடைந்தார். சதிராட்டத்தின் நிரல் அவர் வழியாக அங்கு வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். இவ்வாறு செழித்த அவையில் வளர்ந்த மைசூர்ப் பாணி அபிநயத்தை உயிராகக் கொண்டது. க்ஷேத்ரய்யர் பதங்கள், ஜாவளிகள், ஜெயதேவரின் அஷ்டபதிகள், அமருசதகச் செய்யுள்கள் ஆகியவை அதன் நிரல்.

இம்மரபின் மூதாட்டி ஜட்டி தாயம்மா. 1857இல் பிறந்து 1947 வரை வாழ்ந்தவர். 'ஜட்டி' என்பது அரண்மனை மல்லர்களின் சமூகப் பெயர். அவரது தந்தை மல்யுத்த வீரர். மற்போர்க் களத்தின் வீட்டிலிருந்து வந்த பெண், சம்ஸ்கிருதக் காதற் செய்யுள்களின் நுண்பொருளை விழியாலும் விரலாலும் விரித்துக் காட்டுவதில் ஒப்பற்றவராக அறியப்பட்டார் என்பதே ஒரு சமூக வரலாற்றுச் செய்தி.

அவரிடம் எட்டு வயதில் மாணவியாக வந்தவர் வெங்கடலட்சம்மா. 1906 மே 29 அன்று கடூரை அடுத்த தங்கலி தாண்டாவில் லம்பாணிக் குடும்பத்தில் பிறந்தவர். 'தாண்டா' என்னும் சொல் லம்பாணிகளின் குடியிருப்பைக் குறிக்கும். அதற்கு முன் அது அவர்களது எருதுச் சாத்தின் பெயர். பஞ்சாராக்கள் என்றும் அறியப்படும் இம்மக்கள் தானியத்தையும் உப்பையும் பொதிமாடுகளில் ஏற்றி நாடு முழுதும் கொண்டு சென்றவர்கள். படைகளுக்கும் உணவு சேர்த்தவர்கள். சாலையும் இருப்புப் பாதையும் காலனி அரசின் உப்புக் கொள்கையும் அவர்களது வாணிகத்தை அழித்தன. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் அலைந்து வாழும் பல சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதியது. சில பகுதிகளில் லம்பாணிகளும் அச்சட்டத்தின் பார்வைக்குள் வந்தனர். அச்சட்டம் 1952இல்தான் நீக்கப்பட்டது. இன்று கர்நாடகத்தில் லம்பாணிகள் பட்டியல் சாதியினர்.

அத்தகைய சமூகத்தின் சிறுமி குருவின் வீட்டில் ஆடல் கற்றாள். பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். ஆடல் மட்டும் போதாது என்பது மைசூர்ப் பாணியின் கொள்கை. செய்யுளின் பொருள் அறியாதவர் அபிநயம் செய்ய இயலாது. எனவே தேவோத்தம ஜோயிஸ், சாந்த சாஸ்திரி, கிரி பட்டர் ஆகிய அவைப் பண்டிதர்களிடம் சம்ஸ்கிருதமும், தேவேந்திரப்பா, ராமராவ் ஆகியோரிடம் கர்நாடக இசையும் பயின்றார். குருவோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேடையில் நின்றார். 1939இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆஸ்தான விதுஷியாக நியமித்தார்.

இவ்விடத்தில் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1909இல் மைசூர் அரசு தன் ஆளுகையிலிருந்த கோயில்களில் தேவதாசி சேவையை நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1927இல். பொட்டுக்கட்டுதலைத் தடை செய்த சட்டம் நிறைவேறியது 1947இல். மைசூர் இவ்வகையில் பல பத்தாண்டுகள் முந்தியது. அந்த 1909ஆம் ஆண்டில் ஆட்சியில் இருந்தவரும், 1939இல் வெங்கடலட்சம்மாவுக்கு விதுஷிப் பட்டம் அளித்தவரும் ஒரே மன்னர். கோயிலிலிருந்து ஆடலை விலக்கிய அரசு அவையில் அதைப் போற்றியது. ஆகவே மைசூரில் ஆடும் பெண்ணுக்கு அரண்மனை என்னும் ஒரு வாயில் எஞ்சியிருந்தது. சென்னையில் அதே ஆண்டுகளில் அத்தகைய வாயில் இல்லை. சபாக்களும் அவற்றின் உறுப்பினர்களுமே இருந்தனர்.

சமஸ்தானங்கள் மறைந்த பின் அந்த வாயிலும் மூடியது. 1965இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நடனக் கல்வியைத் தொடங்கியபோது அதன் முதல் ரீடராக அமர்ந்தவர் வெங்கடலட்சம்மா. 1974இல் ஓய்வு பெற்றார். மாணவர்களுள் லலிதா ஸ்ரீநிவாசன் போன்றோர் பெங்களூரில் மைசூர்ப் பாணியை வளர்த்தனர். சங்கீத நாடக அகாதெமி விருதும் 1992இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. முதுமையிலும் அமர்ந்த நிலையில் அபிநயம் செய்தார். கால்கள் ஓய்ந்த பின்னும் கலை ஓயவில்லை. 2002 ஜூலை 1 அன்று தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

மூன்று நிலைகள்

கறுப்பின பாலே கலைஞரின் வரலாற்றை இந்திய மேடையோடு ஒப்பிடுவோர் பொதுவாக ஒரு சமன்பாட்டை எழுதுவர்: அங்கே இனம், இங்கே சாதி. இச்சமன்பாடு ஓரளவே பொருந்தும். குறைந்தது மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காண வேண்டும்.

முதலாவது, பிறரின் வீட்டு வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் நிலை. பாலே பிரெஞ்சு அரசவையில் உருவெடுத்த கலை. பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கெனக் கழகம் நிறுவினார். ஜேனட் காலின்ஸ் தம் முன்னோருடையது அல்லாத ஒரு கலையைக் கற்று, அதற்குரிய தகுதி அனைத்தும் பெற்று, நிறத்தின் காரணமாக வாயிலில் நிறுத்தப்பட்டார். அவரது கோரிக்கை நுழைவு.

இரண்டாவது, தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் நிலை. 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி கல்யாணி சகோதரிகளின் ஆட்டத்தை மேடையேற்றியது. அடுத்த ஆண்டுகளில் 'சதிர்' என்னும் பெயர் விலகி 'பரதநாட்டியம்' நிலைபெற்றது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. அவருக்கு அபிநயம் கற்பித்தோருள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும், அடவு கற்பித்தோருள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் உண்டு. கற்பித்த சமூகத்தின் பெண்கள் பின்வந்த தலைமுறையில் மேடையில் அரிதாயினர். பாலசரஸ்வதி விதிவிலக்காக ஒளிர்ந்தார். 1973இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். ஆயினும் சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற வாதத்தை அவர் வாழ்நாள் முழுதும் எதிர்க்க வேண்டியிருந்தது. தம் வீட்டின் மொழியைத் தாமே விளக்கிக் காக்க வேண்டிய நிலை அது. இவர்களது கோரிக்கை நுழைவு ஆகாது, உரிமை.

இங்கே ஒரு நேர்மையான சிக்கலும் உண்டு. பொட்டுக்கட்டுதலுக்கு எதிராகப் போராடியோரில் அச்சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் அச்சமூகத்தவர். அவர்கள் கண்ட சுரண்டல் கற்பனை ஆகாது. சிறுமியரின் விடுதலையும் கலைஞரின் மேடை இழப்பும் ஒரே காலத்தில், ஒரே குடும்பங்களில் நிகழ்ந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறு.

மூன்றாவது நிலை வெங்கடலட்சம்மாவுடையது. அவர் மேட்டுச் சாதியினரும் அல்லர். பரம்பரை ஆடற்குடியினரும் அல்லர். காலின்ஸைப் போலவே அவர் ஒரு வெளி வீட்டுக்குள் சென்றார். ஆனால் உள்ளே அனுமதிக்கப்பட்டார். அனுமதித்தது ஒரு கொள்கையோ சட்டமோ இயக்கமோ அன்று. ஒரு குருவின் விருப்பமும் ஒரு மன்னரின் ஆதரவும். தாயம்மாவும் மல்லர் வீட்டிலிருந்து வந்தவர் என்பது இங்கே பொருளற்ற செய்தியாகத் தோன்றவில்லை. பிறப்பின் வழியே இக்கலைக்கு உரிமை கோர இயலாத ஒருவர், அதே நிலையில் இருந்த இன்னொருவருக்குக் கற்பித்தார்.

அரண்மனை ஒரு சமத்துவக் கூடம் அன்று. அதன் கதவு ஆளுக்கு ஆள் திறந்தது, சமூகத்துக்குத் திறக்கவில்லை. திறந்த கதவுக்கு ஒரு விலையும் இருந்தது. வெங்கடலட்சம்மாவின் மேடையில் ஒலித்தவை சம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம். லம்பாணிகளின் கோர்போலி மொழிக்கு அம்மேடையில் இடமில்லை. லம்பாணிப் பெண்களுக்கென ஆடலும் பாடலும் உண்டு; கண்ணாடித் துண்டுகள் மின்னும் அவர்களது தையற்கலை, சண்டூர் லம்பாணிப் பூவேலை என்னும் பெயரில் 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அந்த ஆடலுக்கு அளிக்கப்பட்ட பெயர் 'நாட்டுப்புறக் கலை'. ஒரே சமூகத்தின் உடல் தாண்டாவில் ஆடினால் நாட்டுப்புறம்; அரண்மனையில் பதம் பிடித்தால் செவ்வியல். ஹார்லெம் குழு 'ஜிசெல்' கதைக்குள் தன் மக்களைக் குடியேற்றியது. அதற்கு முன் கறுப்பினத்தவர் பலர் ஒன்றுகூடி ஒரு நிறுவனத்தைக் கட்ட வேண்டியிருந்தது. தனியொருவராக நுழைபவர் தம்மை மட்டுமே கொண்டு செல்ல முடியும். தம் மக்களின் கதையைக் கொண்டு செல்ல ஒரு கூட்டம் தேவைப்படுகிறது.

நூல் சொல்வதும் மேடை கேட்பதும்

சாதி குறித்த இவ்வாதத்துக்குள் நிறம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். இந்திய மேடையில் நிறக்கோடு இல்லை என்று நம்புவோருக்கு 2024 மார்ச் மாதம் ஒரு விடை தந்தது. கேரளத்தில் மூத்த நடனக் கலைஞர் ஒருவர், மோகினியாட்டம் ஆடுபவர் மோகினியைப் போலிருக்க வேண்டும் என்றும் கருநிற ஆணுக்கு அது பொருந்தாது என்றும் கூறிய நேர்காணல் பரவியது. ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணன் அதற்கு வெளிப்படையாக எதிர்வினையாற்றினார். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர் தலித் சமூகத்தவர். மறைந்த நடிகர் கலாபவன் மணியின் தம்பி. கேரளக் கலாமண்டலம் அக்கருத்தை மறுத்து அவரை ஆட அழைத்தது. 2025இல் அதே நிறுவனத்தில் பரதநாட்டியத்தில் உதவிப் பேராசிரியராக அவர் பொறுப்பேற்றார். அந்த நேர்காணலில் சாதியின் பெயர் சொல்லப்படவில்லை, சொல்லப்பட்டது நிறம். பாலேயின் 'வரிசை ஒழுங்கு' போலவே இங்கும் விலக்கல் அழகியலின் மொழியில் பேசியது.

அழகியலையே சான்றுக்கு அழைத்தால் என்ன ஆகும்? நாட்டிய சாஸ்திரம் எட்டுச் சுவைகளுக்கும் நிறம் வகுக்கிறது. நகைக்கு வெண்மை, வெகுளிக்குச் செம்மை, வியப்புக்கு மஞ்சள். சுவைகளின் அரசன் எனப்படும் சிருங்காரத்துக்கு அது வகுத்த நிறம் சியாமம். கருமை தோய்ந்த அந்நிறத்தின் தெய்வம் திருமால். ஆனந்த குமாரசுவாமியும் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவும் 1917இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அபிநய தர்ப்பணம், ஆடல் மகளுக்குரிய இலக்கணத்தை எண்ணும்போது 'சியாமா' என்னும் சொல்லையும் ஆள்கிறது. அச்சொல்லுக்கு இளம்பெண் என்ற பொருளும் உண்டு. கருநிறத்தாள் என்ற பொருளும் உண்டு. உரையாளர்கள் முதற்பொருளையே பெரிதும் கொண்டனர். எப்பொருள் கொண்டாலும், அவ்விலக்கணம் வெண்மையைக் கேட்கவில்லை.

இதனால் நூல் குற்றமற்றது என்று முடிவு செய்துவிட இயலாது. அதே அபிநய தர்ப்பணம் மேடைக்கு ஆகாத பெண்களையும் பத்து வகையாக எண்ணுகிறது. தடித்த உதடு உடையவள், மயிர் குறைந்தவள், மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக உயர்ந்தவள், மிகக் குள்ளமானவள், கூன் உடையவள் என்று அப்பட்டியல் நீள்கிறது. உடலைத் தேர்ந்தெடுத்தல் இம்மரபுக்கும் அந்நியம் அன்று. ஆனால் நிறத்தைக் காரணம் காட்டுவோர் சாஸ்திரத்தை மேற்கோளாக்க முடியாது என்பது தெளிவு. சிவந்த மேனி என்னும் அளவுகோல் சுவடியிலிருந்து வந்ததன்று. திருமணச் சந்தையும் திரைப்படமும் முகப்பூச்சு விளம்பரமும் வளர்த்த அளவுகோல் அது. மேடை ஒப்பனையில் கருநிறச் சிறுமியின் முகத்தில் இரண்டு படி வெளிர்ந்த பூச்சு ஏறுவதற்கும், ஹார்லெமுக்கு முந்திய காலத்துக் காலணியின் இளஞ்சிவப்புக்கும் அடிப்படை ஒன்றே: 'தோல் நிறம்' என்று ஒரே நிறத்தைக் கருதுவது.

மைசூர் மரபு இவ்விடத்தில் ஒரு மாற்றை வைத்திருந்தது. அபிநயத்தை மையமாகக் கொண்ட கலையில் உடலின் கோடும் மேனியின் நிறமும் இரண்டாம் நிலைக்குச் செல்கின்றன. ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடும்போது, ஒவ்வொரு முறையும் வேறு பொருளை விரிப்பதே அங்கு திறன். தொண்ணூறு வயதை நெருங்கும் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து பதினாறு வயது நாயகியாக முடியும். அவையும் அதை ஏற்கும். பாலே மேடை தன் கலைஞரை நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் ஓய்வுக்கு அனுப்புகிறது. எதைச் சிறந்த ஆடல் என்று ஒரு மரபு வரையறுக்கிறதோ, அதைப் பொறுத்தே யார் ஆடலாம் என்பதும் அமைகிறது. அவ்வரையறை மாறும்போது கதவின் அகலமும் மாறுகிறது. இன்றைய மேடை மைசூர்ப் பாணியின் அமர்ந்த அபிநயத்தைவிட வேகமான ஜதியையும் நெடிய உருவத்தையும் விளக்கொளியில் பளிச்சிடும் முகத்தையும் விரும்புகிறது. எனவே வெங்கடலட்சம்மாவின் பாணி அருகிப் போவது ஒரு பாணியின் இழப்பு மட்டும் ஆகாது. அவரைப் போன்றோர் நுழையத்தக்க ஒரு வாயிலின் இழப்பும் ஆகும்.

விதிவிலக்கின் பொருள்

ஒரு விதிவிலக்கு இருவகையாகப் பயன்படுத்தப்படுகிறது. 'ஆற்றல் இருந்தால் யாரும் வரலாம், வெங்கடலட்சம்மா வரவில்லையா?' என்பது ஒருவகை. கோப்லாந்தின் பெயரும் அவ்வாறே எடுத்தாளப்படுகிறது. 75 ஆண்டுகளில் ஒருவர் என்பதை வெற்றியின் கணக்காகவும் எழுதலாம். தோல்வியின் கணக்காகவும் எழுதலாம். மற்றொரு வகை, அந்த விதிவிலக்கு எந்தச் சூழலில் நிகழ்ந்தது என்று கேட்பது. வெங்கடலட்சம்மாவுக்குக் குருவின் வீடு கிடைத்தது. அவைப் பண்டிதர்கள் மொழி கற்பித்தனர். அரண்மனை வாழ்வாதாரம் தந்தது. பல்கலைக்கழகம் பதவி தந்தது. இந்நான்கும் சேர்ந்தே ஒரு லம்பாணிச் சிறுமியை விதுஷியாக்கின. ஆற்றல் அவருடையது, ஆற்றல் முளைத்த நிலம் பிறரால் பண்படுத்தப்பட்டது.

மைசூர் இன்று விரிந்த நகரம். அரண்மனைக்கு வடமேற்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையும் தகவல் தொழில்நுட்ப வளாகமுமாக வளர்ந்துள்ளது. வேலை தேடி வரும் பல மாநிலத்துக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. கட்டுமானத் தொழிலாளரும் மென்பொருள் பொறியாளரும் ஒரே ஏரிக் கரையைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களது பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் இன்று கட்டணம் செலுத்திக் கற்கும் கலை. மாதக் கட்டணம், பட்டு உடை, கோயில் நகை, பக்கவாத்தியக் குழு, அரங்க வாடகை என அரங்கேற்றம் வரை செலவு ஏறுகிறது. பொறியாளரின் மகளுக்கு அது இயல்பான பாதை. அதே ஏரிக் கரையில் வாழும் தொழிலாளியின் மகளைச் சாதியின் பெயரால் எவரும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை; கட்டணமே அப்பணியைச் செய்துவிடுகிறது.

பல்கலைக்கழக நடனத் துறைகளுக்கும் மாணவர்களுக்கும் இவ்வரலாறு முன்வைக்கும் பணிகள் தெளிவானவை. நடன வரலாற்றுப் பாடத்தில் மைசூர்ப் பாணி வரும்போது வெங்கடலட்சம்மாவின் விருதுகளோடு அவரது தாண்டாவும் இடம்பெற வேண்டும். 'செவ்வியல்', 'நாட்டுப்புறம்' என்னும் பிரிவினை எப்போது, யாரால், எதற்காக வகுக்கப்பட்டது என்பது தேர்வுக் கேள்வியாக வேண்டும். சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் குருகுலச் செலவையும் உடைச் செலவையும் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு வேண்டும். கருநிறச் சிறுமியின் முகத்துக்கு அவளது நிறத்திலேயே ஒப்பனை செய்யக் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். இவற்றுள் கடைசியானது மிகச் சிறியது. லண்டனில் ஒரு பழுப்புக் காலணி தைக்கப்படுவதற்கே 2018 ஆயிற்று என்பதை நினைத்தால், சிறியவை எவ்வளவு தாமதமாக வருகின்றன என்பது புரியும்.

திருவஹீந்திரபுரத்து அமானியை ஐரோப்பா வெண்கலமாக வார்த்து வைத்துக்கொண்டது. தங்கலி தாண்டாவின் வெங்கடலட்சம்மாவை மைசூர் ஆசிரியர் இருக்கையில் அமர்த்தியது. சிலைக்கு மாணவர்கள் இல்லை, ஆசிரியருக்கு உண்டு. அந்த இருக்கையில் அடுத்து வந்து அமரும் லம்பாணிப் பெண் யார் என்பதே மைசூரின் நடன வரலாறு இனி விடை கூற வேண்டிய கேள்வி.